கண்ணில் படும் குறையும் கத்தியில் இருக்கும் குறையும்

புதிதாக ஒரு மடக்குக் கத்தி கைக்கு வந்ததும் அதை வைத்து எதையாவது வெட்டிப் பார்ப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கத்தியை மூடுவார்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார்கள், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியின் பிளவுக்குள் பார்ப்பார்கள். அலகின் முனை இரண்டு பக்கத்துக்கும் சரி நடுவில் நின்றால் ஒரு நிம்மதி. ஒரு மயிரிழை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அன்றைக்கு முகமே சரியில்லை. இது எனக்கும் இருக்கும் வியாதிதான், மறைத்துப் பயனில்லை.

மலிவுக் கத்தியில் இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை. உடைந்தால் போகட்டும் என்று வாங்குகிற சாமான் அது. தனி ஆள் ஒருவர் தன் பட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து தரும் கத்தியில் அந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் வேலையில்லை. அவரே நூறு முறை பார்த்திருப்பார். சிக்கல் எல்லாம் நடுவில் இருக்கும் கத்திகளோடுதான். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் தயாராகிறவை, ஆனால் நல்ல எஃகு, திறந்த அலகு மடங்கிவிடாமல் பிடிக்கும் நல்ல லாக், பெயர்பெற்ற வடிவமைப்பாளர் என்று சொல்லிக்கொள்ள விஷயம் உள்ளவை. வாங்குபவருக்கு யோசித்துச் செலவழிக்க வேண்டிய தொகை. செய்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்குப் பார்க்க வேண்டிய லாபம். இந்த இரண்டும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் கீறலைப் பற்றியும் கோணலைப் பற்றியும் இத்தனை சண்டை நடக்கிறது.

சண்டையில் இரண்டு கட்சி. "இந்த விலைக்கு இதெல்லாம் இருக்கவே கூடாது" என்பது ஒன்று. "வெட்டத்தானே வாங்கினாய், வெட்டு" என்பது இன்னொன்று. இரண்டுமே யோசிப்பதிலிருந்து தப்பிக்கிற வழி என்பது என் எண்ணம். நான் கேட்பது வேறு கேள்வி: குறை மேற்பரப்பில் இருக்கிறதா, வடிவத்தில் இருக்கிறதா? மேற்பரப்பில் இருந்தால் பெரிதாக இருந்தாலும் விட்டுவிடுவேன். வடிவத்தில் இருந்தால் சின்னதாக இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். இதில் உள்ள சங்கடம், நம் கண் முதலாவதைக் கண்டுபிடிப்பதில் புலி, இரண்டாவதில் சுத்த மந்தம்.

முதலில் அந்த நடுவில் நிற்கும் சமாசாரத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் புகார்களில் அதுதான் முதல் இடம்.

அச்சாணியிலிருந்து அலகின் முனை வரை 80 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அச்சாணியின் இரண்டு பக்கமும் அலகைத் தாங்கிப் பிடிக்கிற வாஷரின் விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர். அந்த வாஷரின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 0.02 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வந்தால் போதும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் முனை எட்டு மடங்கு தூரத்தில் இருப்பதால் அங்கே அது 0.16 மில்லிமீட்டராகிவிடும். கீல் லேசாக இறங்கினால் கதவின் மறுமுனை தரையைத் தட்டுகிற அதே கதை. அலகுக்கும் கைப்பிடியின் உட்சுவருக்கும் இடையே இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் இடைவெளி வைத்து வடிவமைத்திருந்தால், இப்போது ஒரு பக்கம் 0.34, மறுபக்கம் 0.66. ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கண் அதை விடுமா? உடனே பிடித்துவிடும்.

ஆக, யாரோ அலட்சியமாகச் செய்ததால்தான் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. வாஷரில் கொஞ்சம், கைப்பிடிக்குள் இருக்கும் லைனர் என்ற மெல்லிய உலோகத் தகட்டில் கொஞ்சம், கைப்பிடித் தகட்டில் கொஞ்சம், அச்சாணித் துளையில் கொஞ்சம் என்று ஒவ்வொன்றும் தன் வரம்புக்குள் இருந்தபடியே, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் முடிவு இதுதான். எதிரெதிராகச் சாய்ந்தால் அலகு கச்சிதமாக நடுவில் நிற்கும், நாமும் "என்ன நேர்த்தி!" என்று பாராட்டுவோம். பாதி அதிர்ஷ்டத்தைத்தான் பாராட்டுகிறோம்.

லாக்கின் வகையும் இதில் ஒரு கை போடுகிறது. 1980களில் கத்தி செய்பவரான மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த லைனர் லாக், அதற்குப் பின் கிறிஸ் ரீவ் தன் செபென்சா கத்தியில் கைப்பிடியையே வில்லாக்கிச் செய்த ஃபிரேம் லாக், இரண்டிலும் ஒரு பக்கத்து உலோகம் வளைந்து அலகை நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். கத்தி மூடியிருக்கும்போது தானாகத் திறந்துவிடாமல் பிடித்து வைப்பது அந்த வில்லில் பதித்த ஒரு குட்டிக் குண்டு. அதாவது அலகை எப்போதும் ஒரு பக்கமாகத் தள்ளுவதே அதன் வேலை. அப்படி ஒரு கத்தியை வாங்கிவிட்டு அலகு ஏன் ஒதுங்குகிறது என்று கேட்பதில் கொஞ்சம் நியாயக் குறைவு இருக்கிறது. பெஞ்ச்மேட் நிறுவனத்தின் ஆக்ஸிஸ் லாக் போன்ற, இரண்டு பக்கமும் சமமாக வில் வைத்த குறுக்குத் தண்டு லாக்குகளில் இந்த ஒருதலைப் பட்சம் இல்லை. அவற்றில் அலகு நடுவில் நிற்பது சுலபம்.

சரி, அப்படியானால் நடுவில் நிற்காததை எப்போது பொருட்படுத்த வேண்டும்? அலகு உட்சுவரை உரசினால் கட்டாயம் பொருட்படுத்த வேண்டும். உரசாவிட்டாலும், கைப்பிடித் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, அலகை நடுவில் பிடித்துக்கொண்டு மறுபடி முடுக்கிப் பாருங்கள். முக்கால்வாசி கத்திகள் இதிலேயே வழிக்கு வந்துவிடும். வழிக்கு வராமல் முடுக்க முடுக்க ஒரே பக்கம் ஓடினால், கத்தியைத் திறந்து கூர் உங்களை நோக்கி இருக்கும்படி பிடித்து, அடியிலிருந்து முனை வரை ஒரு கோட்டைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். கோடு வளைந்திருந்தால் விஷயம் அச்சாணியில் இல்லை. அலகே வளைந்திருக்கிறது.

அது வேறு ஜாதிக் குறை. இன்றைய துருப்பிடிக்காத எஃகுகளைப் பதமேற்ற 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிர வைக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகடு அந்தச் சூட்டிலிருந்து இறங்கும்போது நெளியப் பார்க்கும். நல்ல தொழிற்சாலைகள் தட்டையான தகடுகளுக்கு நடுவே அழுத்தியபடியே குளிர வைக்கும், பிறகும் ஒவ்வொன்றாகப் பார்த்து நிமிர்த்தும். ஒன்றிரண்டு தப்பிவிடும். தப்பி வந்ததைத் திருகு முடுக்கிச் சரிசெய்ய முடியாது, வீட்டில் நிமிர்த்தப் பார்த்தால் முறிந்தாலும் முறியும். திருப்பி அனுப்புவதுதான் வழி. ஒரு வேடிக்கை என்னவென்றால், வளைந்த அலகுள்ள கத்தியும் மூடினால் சில நேரம் கச்சிதமாக நடுவில் நிற்கும். அச்சாணியில் ஒரு பக்கச் சாய்வு, அலகில் மறுபக்க வளைவு, இரண்டும் கழிந்துபோய்விடும். நடுவில் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பவர் அதை மகிழ்ச்சியோடு பையில் போட்டுக்கொள்வார்.

இரண்டாவது பெரிய புகார், சாணை பிடித்த பட்டை இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இல்லை என்பது. கூரை ஒட்டி ஓடும் அந்தப் பளபளப்பான மெல்லிய பட்டையைச் சொல்கிறேன். இதிலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கூருக்கு நேர் பின்னால் அலகின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துச் சாணை பிடித்தால் பட்டையின் அகலம் சுமார் 0.73 மில்லிமீட்டர் வரும். 15 டிகிரி என்றால் சுமார் 0.97. ஒரு பக்கம் 20, மறுபக்கம் 15 என்று தொழிலாளியின் மணிக்கட்டு ஐந்து டிகிரி மாறினால், ஒரு பட்டை மற்றதைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும். பல நிறுவனங்களில் இந்தக் கடைசிச் சாணை இன்னமும் கையால்தான், ஓடும் பெல்ட்டின் முன் நின்று, ஒரு பக்கத்துக்குச் சில நொடி என்ற வேகத்தில் நடக்கிறது. மற்ற எல்லா வேலையையும் எந்திரம் செய்த பிறகு, நாம் முதலில் பார்க்கும் கோட்டை மனிதக் கை போடுகிறது.

இப்படி வரும் வித்தியாசம் வெட்டுவதை ஒன்றும் செய்யாது. அட்டைப்பெட்டிக்கோ கயிற்றுக்கோ இரு பக்கமும் சமமா என்று தெரியப்போவதில்லை. நாமே கல்லில் தீட்டும்போது சில தடவைகளில் சரியாகிவிடும். அப்புறம் அதைப் பற்றி யாருக்கும் நினைவுகூட இருக்காது.

ஆனால் அதே தோற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அங்கேதான் நான் நிற்பேன். பட்டையின் அகலத்தைத் தீர்மானிப்பது கோணம் மட்டும் இல்லை, பின்னால் உள்ள தடிமனும்தான். முதுகிலிருந்து கூர் வரை இறங்கும் பெரிய சரிவை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தேய்த்திருந்தால், கூர் அலகின் நடுவில் இல்லாமல் ஓரத்துக்கு நகர்ந்திருக்கும். அதை மறைக்கக் கடைசிச் சாணைக்காரர் ஒரு பக்கம் அதிகம் தேய்த்துச் சமாளித்திருப்பார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சமமில்லாத பட்டை. முன்னது ஒரு நொடியின் கைத்தவறு. பின்னது அலகின் உடம்பிலேயே இருக்கிறது. எத்தனை தடவை தீட்டினாலும் கூடவே வரும், வெட்டும்போது கத்தி ஒரு பக்கமாக இழுக்கும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முனை நம் கண்ணுக்கு நேராக வரும்படி பிடித்துக்கொண்டு முதுகின் இரண்டு ஓரத்துக்கும் நடுவே கூர் எங்கே வந்து சேர்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கூடவே, சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் கைப்பிடிக்கு அருகே விழும் வளைகோடு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால் என்று இருந்தால் அங்கே தடிமன் சமமில்லை. தீட்டத் தீட்ட அடிப்பக்கத்தில் ஒரு மேடு மிச்சம் விழும், அது கூர் வெட்டுப்பலகையில் படாமல் தடுக்கும்.

இப்படி ஒரு கத்தி எனக்கும் வந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. கைப்பிடியில் ஒரு கீறல் கிடையாது, அலகு நடுவில் நின்றது, திறந்து மூடினால் வெண்ணெய். கூர் மட்டும் முதுகின் நடுவிலிருந்து தெளிவாக வலப்பக்கம். கடிதம் எழுதினேன். "எங்கள் தர வரம்புக்குள் இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்த வரம்பு என்ன என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அதே நிறுவனம், முத்திரை லேசாக மங்கலாகப் பதிந்திருந்தது என்று சொன்ன இன்னொருவருக்கு மறுபேச்சில்லாமல் மாற்றுக் கத்தி அனுப்பியிருக்கிறது. புகைப்படத்தில் தெரிகிற குறைக்கு உள்ள மரியாதை அது. என் குறையைப் படம் பிடிக்கவே மூன்று கோணம் தேவைப்பட்டது.

அது கிடக்கட்டும். மேற்பரப்புக்கு வருவோம்.

கத்தித் தொழிற்சாலைகளில் மேற்பூச்சு, மெருகு என்று என்னென்ன இருக்கிறதோ அத்தனைக்கும் இரண்டு வேலை உண்டு: அழகு காட்டுவது, முந்தைய கட்டத்தின் சுவடுகளை மறைப்பது. பீங்கான் கற்களோடு போட்டு உருட்டியெடுக்கும் ஸ்டோன்வாஷ் இதில் கெட்டிக்காரன். சாணையின் கோடுகளை உடைத்துக் கலைத்துவிடும், பிற்பாடு நாம் போடும் கீறல்களும் அதில் கலந்துவிடும். ஒரே திசையில் மெல்லிய கோடுகளாக ஓடும் சாட்டின் மெருகு எதையும் மறைக்காது. ஒரு கோடு தப்பினாலும் காட்டிக்கொடுக்கும். வைரம்போலக் கடினமான கார்பன் படலமான கறுப்பு டிஎல்சி பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சில மைக்ரான் தடிமன் மட்டுமே. அடியில் உள்ள கரடுமுரடு அப்படியே மேலே தெரியும். மணல்போன்ற துகளை வீசியடித்து மங்கலாக்கும் பூச்சற்ற மெருகு மட்டும் என் விதிக்கு விலக்கு. அது மேற்பரப்பை நுண்ணிய பள்ளங்களால் நிரப்பிவிடுவதால் ஈரம் தங்கும், துரு சீக்கிரம் வரும். அங்கே அழகு விஷயம் உபயோக விஷயமாகிவிடுகிறது.

நல்ல எஃகு என்று நாம் கூடுதலாகப் பணம் கொடுக்கிறோமே, அதுவே மெருகுக்கு எதிரி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 2001 வாக்கில் வந்த எஸ்30வி என்ற எஃகைப் பாருங்கள். கத்திகளுக்கென்றே உருவாக்கியது, நடுத்தரக் கத்திகளில் அன்றிலிருந்து அடிக்கடி அடிபடும் பெயர். அதில் 4 சதவீதம் வனேடியம். அந்த வனேடியம் கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் துணுக்குகள், சாதாரணச் சாணை பெல்ட்டில் உள்ள அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. கூர் நீண்ட நாள் நிற்பது அந்தத் துணுக்குகளால். பெல்ட் சீக்கிரம் தேய்ந்துபோவதும், கண்ணாடிபோல மெருகேறாமல் அடம்பிடிப்பதும் அவற்றால்தான். 2009இல் வந்த எஸ்35விஎன் வனேடியத்தை 3 சதவீதமாகக் குறைத்துக் கொஞ்சம் நயோபியம் சேர்த்தது. தேய்க்கவும் மெருகேற்றவும் சுலபமாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆக, தேய்மானம் தாங்கும் எஃகு, நேர்த்தியான மெருகு, நடுத்தர விலை என்று மூன்றையும் ஒரே கத்தியில் கேட்டால், ஏதோ ஒன்றில் செய்பவர் கை வைப்பார். பெரும்பாலும் மெருகில்தான் வைப்பார். என்னைக் கேட்டால் வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

டைட்டேனியம் கைப்பிடியின் நீலமும் வெண்கல நிறமும் இன்னொரு சுவையான சமாசாரம். அதில் சாயம் எதுவும் கிடையாது. மின்சாரம் செலுத்தி மேலே வளர்க்கும் ஆக்சைடு படலம் சில பத்து நானோமீட்டர் தடிமன். ஒளி அதன் மேலும் கீழும் பட்டுத் திரும்பும்போது நிறமாகத் தெரிகிறது. படலத்தின் தடிமன் துளி மாறினாலும் நிறம் மாறும். விரல் எண்ணெய் பட்டாலே சாயல் வேறாகத் தெரியும், துடைத்தால் திரும்பிவிடும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு கத்திகள் ஒரே நீலமாக இல்லை என்று புகார் சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும், அந்தத் தொழிற்சாலையைப் பார்த்து. கைப்பிடிக்குப் பயன்படும் கார்பன் ஃபைபரில் ஊசிமுனைத் துளை, துணியைப் பிசினில் அழுத்திச் செய்யும் மிக்கார்ட்டாவில் சாயல் வேறுபாடு, கண்ணாடி இழையாலான ஜி10 தகட்டின் விளிம்பில் வெளிறிய கோடு, எல்லாம் இதே கணக்கில் சேர்ந்தவை. அடுத்து.

கண்ணுக்குத் தெரியும் குறையோடு ஏன் ஒரு கத்தி தொழிற்சாலையை விட்டு வெளியே வருகிறது என்பதற்குச் சோம்பேறித்தனம் என்பது அவசரமான பதில். வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். தகட்டிலிருந்து வெட்டி எடுப்பது, துளையிடுவது, பதமேற்றுவது, தட்டையாகத் தேய்ப்பது, சரிவு தேய்ப்பது, மெருகேற்றுவது, முத்திரை பதிப்பது, பொருத்துவது, கடைசியில் சாணை. மேற்பரப்புக் கீறல்களில் பெரும்பாலானவை கடைசி இரண்டு மூன்று கட்டங்களில் விழுகின்றன. அதற்குள் அந்த அலகின் மீது ஆக வேண்டிய செலவெல்லாம் ஆகிவிட்டது. ஒரு கீறலுக்காக அதைக் குப்பையில் போட்டால் முழு நஷ்டம். மறுபடி மெருகேற்றினால் தடிமன் குறையும், அச்சாணியில் ஆட்டம் வரும், முத்திரை அழியும். கீறலை எடுக்கப்போய் வடிவத்தைக் கெடுத்த கதையாகிவிடும். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் சோதனைக்காரர் "போகட்டும்" என்று விட்டால், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். வளைந்த அலகைப் பதமேற்றிய உடனேயே தூக்கிப் போடலாம், செலவு குறைவு. அதைத் தாண்ட விட்டவருக்குத்தான் சாக்கு கிடையாது.

அப்படியானால் முன்பெல்லாம் இத்தனை புகார் இல்லையே என்று கேட்கலாம். எதிர்பார்ப்பு ஏறிவிட்டது என்பதே உண்மை. பக் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த 110 மாடல் மடக்குக் கத்தி பித்தளையும் மரமுமாகக் கனமானது. பித்தளைக்கும் மரத்துக்கும் இடையே விரல் நகம் தட்டினால் வேலை செய்பவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. சட்டைப்பையில் செருகும் கிளிப்பும் ஒற்றைக் கையால் திறக்கும் வசதியும் வந்த பிறகு கத்தி கைவிளையாட்டுப் பொருளும் ஆகிவிட்டது. நாளைக்கு நாலு தடவை வெட்டுவோம், நாற்பது தடவை சும்மா திறந்து மூடுவோம். வெட்டும்போது தெரியாத கரகரப்பு அப்போது தெரியும்.

இதோடு இன்னொன்றும் நடந்தது. சீனாவின் யாங்ஜியாங் பக்கத்துத் தொழிற்சாலைகள் கணினி இயக்கும் சிஎன்சி எந்திரங்களை வரிசையாக நிறுத்தி, நடுத்தர விலைக்கும் கீழே, விளிம்பெல்லாம் வழவழவென்று, அலகு அச்சு அசலாக நடுவில் நிற்கும் கத்திகளைக் கொண்டுவந்து குவித்தன. ஜப்பானின் செகியிலும் தைவானின் தைச்சுங்கிலும் செய்தவற்றுக்கு ஏற்கெனவே நேர்த்திக்குப் பெயர் இருந்தது. இதற்கெல்லாம் பழகிய கண், பழைய பெயர்பெற்ற நிறுவனங்களின் நடுத்தரக் கத்தியைப் பார்க்கும்போது "இதைவிடப் பாதி விலைக்கு வாங்கியதே இதைவிட ஒழுங்காக இருக்கிறதே" என்கிறது. அது நியாயமான கேள்விதான். அதைக் கேட்பவரைப் பார்த்து "உனக்குக் கத்தி பற்றித் தெரியாது" என்று சொல்வது வெறும் திமிர். எந்திரம் நேர்த்தியை மலிவாக்கிவிட்டது. மலிவானதைக் கொடுக்காதவர் ஏன் கொடுக்கவில்லை என்று சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த நேர்த்தியை வைத்து மற்றதையும் எடை போடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரே பெயருள்ள எஃகு, பதமேற்றிய விதத்தைப் பொறுத்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58இலும் நிற்கும், 61இலும் நிற்கும். இரண்டு கத்தியையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்ணும் வித்தியாசம் சொல்லாது. அட்டையை வெட்டிக்கொண்டே போனால் ஒன்று முன்னதாக மழுங்கும், அவ்வளவுதான். தொழிற்சாலைக் கூரிலும் இதேபோல ஒளிந்த விஷயம் உண்டு. வேகமாக ஓடும் பெல்ட்டில் தண்ணீர் இல்லாமல் தீட்டும்போது கூரின் நுனி மட்டும் சூடேறிப் பதம் இழக்கும். முதல் மாதம் "இந்த எஃகு ஒன்றும் சரியில்லை" என்று திட்டிய கத்தி, கல்லில் சில தடவை தீட்டி அந்த நுனி போன பிறகு திடீரென்று நன்றாக வெட்ட ஆரம்பிப்பது இதனால்தான். கூர்மையையும் அது நிற்கும் நாளையும் அளக்க ஐஎஸ்ஓ 8442-5 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. மணல்துகள் கலந்த அட்டையை எந்திரம் திரும்பத் திரும்ப அறுத்துப் பார்க்கும். சமையலறைக் கத்திகளை மனதில் வைத்து எழுதியது அது. மடக்குக் கத்தியின் பெட்டியில் அந்த மாதிரி ஓர் எண்ணை நான் பார்த்ததில்லை. எஃகின் பெயரை மட்டும் அலகில் பெரிதாகப் பொறித்து விடுகிறார்கள்.

லாக்கும் அப்படித்தான். லைனர் லாக்கிலும் ஃபிரேம் லாக்கிலும், திறந்த அலகின் அடிக்குப் பின்னால் லாக் வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். அலகின் தடிமனில் கால் பங்கிலிருந்து பாதி வரை வந்து நின்றால் நல்லது. தேயத் தேய உள்ளே நகர இடம் இருக்கிறது. புதுக் கத்தியிலேயே எதிர்ச்சுவரை நெருங்கிவிட்டால் அதற்கு மேல் நகர வழியில்லை. பிறகு தேய்ந்தால் மேலும் கீழும் ஆட்டம்தான். டைட்டேனியம் லாக் எஃகோடு ஒட்டிக்கொண்டு எளிதில் விடாமல் கிறீச்சிடுவது பழகப் பழகச் சரியாகும் ரகம். அதற்காகவும் தேய்மானத்துக்காகவும் சிலர் லாக்கின் நுனியில் எஃகுத் துண்டு பதிக்கிறார்கள். முதுகில் மெதுவாக அழுத்தினால் லாக் நழுவுகிறது என்றால் அந்தக் கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்ள வேண்டாம். விரல் போகிற விஷயம்.

ஓர் இடைச்செருகல்: திருகின் தலையில் உள்ள நட்சத்திரப் பள்ளம் சிதைந்திருந்தால் அதைச் செய்தவரின் கைத்தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உங்களுக்கு முன் யாரோ வாங்கி, அலகை நடுவில் கொண்டுவரப் போராடி, முடியாமல் திருப்பி அனுப்பியதை விற்பவர் மறுபடி பெட்டியில் போட்டிருக்கலாம். அச்சாணியைச் சுற்றிக் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். "புதியது" என்று விற்ற அந்தக் கத்திக்கு நான் மனமாரத் தகராறு செய்வேன், அதில் வேறு ஒரு குறையும் இல்லாவிட்டாலும். அது கத்தியின் தரம் பற்றியது இல்லை, வியாபாரத்தின் தரம் பற்றியது.

பிரித்துப் பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில நிறுவனங்கள் கத்தியை நாமே பிரித்துச் சுத்தம் செய்வதை ஆட்சேபிப்பதில்லை. சில, பிரித்தால் உத்தரவாதம் கிடையாது என்கின்றன. பின்னவர்களிடம் வாங்கினால், அலகு ஒதுங்கியிருக்கிறது என்றதும் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். திருகுகளில் தடவியிருக்கும் பிசின் காய்ந்து பிடித்திருக்கும், சின்னத் திருகின் தலை சட்டென்று வழுக்கிவிடும். முதலில் கடிதம், பிறகு திருப்புளி.

விலை பற்றிய வாதத்துக்கு வருகிறேன். "இவ்வளவு கொடுத்திருக்கிறேன்" என்கிறவர் எதற்குக் கொடுத்தார் என்பதுதான் கேள்வி. எஃகுக்கு, பதத்துக்கு, வடிவமைப்பாளரின் பங்குக்கு, உத்தரவாதத்துக்கு, வழியில் கை மாறிய ஒவ்வொருவரின் லாபத்துக்கு எல்லாம் சேர்த்துக் கொடுத்தார். ஒவ்வொரு கத்தியையும் ஒருவர் விளக்கின் கீழே சாவகாசமாகத் திருப்பிப் பார்ப்பதற்கு அந்தத் தொகையில் அதிகம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஒதுக்கலாம், விலை ஏறும், அப்போது அது நடுத்தரக் கத்தியாக இருக்காது. ஆனால் விளம்பரப் படத்தில் ஒரு தூசி இல்லாமல் காட்டி, "ஒவ்வொன்றும் கவனமாகச் சோதிக்கப்பட்டது" என்று எழுதினால், வாங்குபவர் அதை நம்புவது அவர் குற்றமா? படத்தில் காட்டியதைக் கேட்கிறார். எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டவர்கள் அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

எனக்குப் பிடித்த ஏற்பாடு வேறு ஒன்று, சில நிறுவனங்கள் ஏற்கெனவே செய்வதுதான். மெருகில் தழும்பு, நிறத்தில் சாயல், முத்திரையில் கோணல் என்று மேற்பரப்புக் குறை உள்ளவற்றைத் தனியே பிரித்து, அலகில் ஓர் அடையாளம் போட்டு, இரண்டாம் தரம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் குறைத்து விற்கிறார்கள். வடிவத்தில் கோளாறு உள்ளது அதில் கலந்து வரக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. நான் அவற்றைத் தேடி வாங்குகிறேன். வந்ததும் வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்து அந்தக் குறை எங்கே என்று தேடுவேன். பாதிக்குமேல் கண்டுபிடிக்க முடிவதில்லை. கண்டுபிடித்ததும் கூரின் நேர்க்கோட்டைப் பார்ப்பேன், லாக் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன், அட்டைப்பெட்டி ஏதாவது கிடக்கிறதா என்று தேடப் போய்விடுவேன்.